உப்புத் தண்ணீரில் உயர் என்ட்ரோபி உலோகக்கலவை தாங்குமா? படிப்படியாகச் சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருவான்மியூரில் கடற்கரை ஓரமாகக் குடியிருப்பவர்களுக்கு அரிப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்க வேண்டும். ஏசியின் வெளிப்பெட்டியில் இருக்கும் அலுமினியத் தகடு கைபட்டால் உதிரும். ‘ஸ்டெயின்லெஸ்’ என்று நம்பி வாங்கிய மொட்டைமாடிக் கொடிக்கம்பியில்கூட இரண்டாம் வருஷம் பழுப்புப் புள்ளி விழும். காற்றில் வரும் உப்புக்கே இந்தப் பாடு. கடல்நீருக்குள்ளேயே கிடக்கும் பம்பு, வால்வு, படகின் புரொப்பெல்லர் எல்லாம் என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தபிறகு, உப்பைத் தாங்கும் உலோகம் எது என்பது சென்னையின் குடிதண்ணீரோடு சேர்ந்த கேள்வியாகிவிட்டது.

அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் இப்போது காதில் விழும் பெயர் உயர் என்ட்ரோபி உலோகக்கலவை. அரிப்புச் சோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். “இதுக்கு அரிப்பே பிடிக்காதாமே சார்?” என்று கேட்டுக்கொண்டு வரும் எம்.டெக். மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிடிக்கும். எந்தக் கலவையில், எந்த நீரில், எந்த இடத்தில் பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. அதைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை எப்படிச் செய்வது என்று இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: காப்பது எது?

வழக்கமான உலோகக்கலவைக்கு ஒரு தாய் உலோகம் உண்டு. எஃகுக்கு இரும்பு, பித்தளைக்குச் செம்பு. மற்றவை குழம்பில் பெருங்காயம் போலக் கொஞ்சம் கொஞ்சம். உயர் என்ட்ரோபி கலவையில் தாய் உலோகம் என்று எதுவும் கிடையாது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தனிமங்கள், ஒவ்வொன்றும் அணு எண்ணிக்கையில் 5 முதல் 35 சதவீதம் என்பது 2004-ல் தைவானின் ஜியென்-வெய் யே தந்த வரையறை. அதே ஆண்டு இங்கிலாந்தின் பிரையன் கேன்டர் தனியாக வெளியிட்ட ஆய்வில் கோபால்ட், குரோமியம், இரும்பு, மாங்கனீசு, நிக்கல் ஐந்தும் சமமாகச் சேர்ந்த கலவை வந்தது. இன்று அதற்குக் கேன்டர் கலவை என்றே பெயர். அதன் விதை 1981-லேயே விழுந்துவிட்டது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த ஒரு மாணவரின் புராஜெக்ட்டில் 20 தனிமங்களைத் தலா 5 சதவீதம் சேர்த்து உருக்கினார்கள். வந்தது பெரும்பாலும் உடையக்கூடிய கட்டிதான். ஆனால் அதற்குள் இந்த ஐந்தும் நிறைந்த ஒரு பகுதி மட்டும் ஒரே படிகமாக, அதாவது முழுக்க ஒரே வகைப் படிக அமைப்பில், இருந்தது. நம் நாட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதன் 2003-லேயே இத்தகைய பல உலோகக் கலவைகளைப் பற்றி எழுதினார். சென்னை ஐ.ஐ.டி.யில் பி.எஸ். மூர்த்தி நெடுங்காலம் இந்தத் துறையில் ஆய்வு நடத்தினார். ஆகவே இது நமக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல.

பெயரில் உள்ள என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, என்ன செய்கிறது? ஐந்து தனிமங்கள் சமமாகக் கலந்தால் கலப்பு என்ட்ரோபி வாயு மாறிலியைப் போல 1.61 மடங்கு, அதாவது ஒரு மோலுக்கு ஒரு கெல்வினுக்குச் சுமார் 13.4 ஜூல். இதனால் தனித்தனியாகப் பிரியாமல் ஒரே படிகத்தில் கரைந்து இருக்க வாய்ப்புக் கூடுகிறது. அவ்வளவுதான் அதன் பங்கு. அரிப்பைத் தடுப்பது மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில் உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். ஸ்டெயின்லெஸ் எஃகைக் காப்பதும் இதே படலம்தான். கலவை ஒரே படிகமாக இருந்தால் குரோமியம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்கும், படலமும் சீராக இருக்கும். எங்காவது குரோமியம் குறைந்தால் குளோரைடு அயனி அந்த இடத்தைத்தான் துளைக்கும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தக் குறைந்த இடத்தைத் தேடும் படிகள்.

படி 1: எந்த உப்புத் தண்ணீர் என்று முடிவு செய்யுங்கள்

உலகம் முழுக்கச் சோதனைக் கூடங்களில் ஓடுவது 3.5 சதவீத சோடியம் குளோரைடு கரைசல். 965 கிராம் வாலை வடிநீரில் 35 கிராம் உப்பு. பகுப்பாய்வுத் தர உப்பாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் தூள் உப்பில் அயோடினும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் இருப்பதால் அது உதவாது.

இந்தக் கரைசலைக் கடல்நீர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிஜக் கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 19.4 கிராம் குளோரைடும் அதோடு 2.7 கிராம் சல்பேட்டும், மெக்னீசியம், கால்சியம், பைகார்பனேட் எல்லாமும் உண்டு. பிஎச் 8.1 பக்கம் நிற்கும். வெறும் உப்புக் கரைசலில் குளோரைடு 21.2 கிராம், சல்பேட் பூஜ்யம். ஓரிடத்தில் மட்டும் துளைபோடும் குழி அரிப்பைச் சல்பேட் கொஞ்சம் அடக்கும் என்பதால் வெறும் உப்புக் கரைசல்தான் கடுமையானது என்று தோன்றும். ஆனால் கடலில் உயிர் இருக்கிறது. உலோகத்தின் மேல் சில நாளில் நுண்ணுயிர்ப் பாசிப்படலம் படியும். ஸ்டெயின்லெஸ் போன்ற உலோகங்களின் மின்னழுத்தத்தை அது பல நூறு மில்லிவோல்ட் மேலே தள்ளிவிடும். இந்த விஷயத்துக்கு 8-ஆம் படியில் திரும்பி வருகிறேன்.

நம் ஊருக்கென்று இரண்டு விஷயங்கள். சென்னைக் கடல்நீர் வருஷத்தின் பெரும்பகுதி 28, 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். 25 டிகிரியில் எடுத்த அளவு அதற்குச் சற்றுச் சாதகமாகத்தான் காட்டும், ஏனென்றால் சூடு ஏற ஏறக் குழி சீக்கிரம் விழும். அடுத்தது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடலின் மேல்நீர் உப்புக் குறைந்துபோகும். வடக்கே ஆறுகள் கொட்டிய நன்னீரும் கரையோர நீரோட்டத்தோடு தெற்கே வரும். நவம்பரில் மொண்ட நீரும் மே மாதம் மொண்ட நீரும் ஒன்றல்ல. கடல்நீர் எடுத்தால் தேதி, இடம், உப்பளவு மூன்றையும் அன்றே குறித்துவையுங்கள்.

என் யோசனை: தேர்வுச் சுற்றுக்கு 3.5 சதவீதக் கரைசல். அதில் தேறியவற்றுக்கு, சோதனைத் தரங்களை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் டி1141 முறைப்படி தயாரித்த செயற்கைக் கடல்நீர். கடைசியாக நிஜக் கடல்.

படி 2: கலவையைத் தாளில் போட்டுப் பாருங்கள்

உருக்குவதற்கு முன் ஒரு கால்குலேட்டர் போதும். கட்டுரைகளில் கலவையை அணு எண்ணிக்கையில் எழுதுவார்கள். தராசு எடையைத்தான் காட்டும். கேன்டர் கலவையின் ஐந்து அணு எடைகளையும் கூட்டினால் 280.4. அதில் குரோமியம் 52. அப்படியென்றால் எடையில் 18.5 சதவீதம். வீட்டுப் பாத்திரத்துக்குப் போகும் 304 எஃகில் இருப்பதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டாலே ‘அரிப்பே பிடிக்காது’ என்ற பேச்சு பாதி அடங்கிவிடும். போதாததற்கு மாங்கனீசு படலத்தைப் பலவீனப்படுத்துகிறது. நீர்த்த கந்தக அமிலத்தில் இந்தக் கலவை 304 எஃகைவிட மோசமாக நடந்துகொண்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதோடு மாங்கனீசு கந்தகத்தோடு சேர்ந்து சல்பைடு துணுக்குகளாக நிற்கும். குழி தொடங்குவதற்கு அவை தோதான இடம்.

மாங்கனீசை எடுத்துவிட்டு நான்கு தனிமம் மட்டும் வைத்தால் குரோமியம் எடையில் 23 சதவீதமாக ஏறும். வரையறைப்படி ஐந்து தனிமம் இல்லையே என்று சிலர் தயங்குவார்கள். நடைமுறையில் இதையும் இந்தக் குடும்பத்தில்தான் வைத்துப் பேசுகிறார்கள். தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது இந்த நான்கு தனிமக் கலவையைத்தான்.

அடுத்து மாலிப்டினம். குளோரைடை எதிர்க்க இதைப் போல உதவும் தனிமம் குறைவு. ஸ்டெயின்லெஸ் எஃகுக்காரர்களிடம் ஒரு எளிய சூத்திரம் உண்டு: குரோமியம் சதவீதம், அதோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, அதோடு நைட்ரஜனின் 16 மடங்கு. மாலிப்டினம் கொஞ்சம் சேர்ந்த 316எல் என்ற ஸ்டெயின்லெஸ் எஃகுக்கு இது 25-ஐ ஒட்டி வரும். கடல்நீருக்கு 40-க்கு மேல் வேண்டும் என்பது துறையின் வழக்கு. நான்கு தனிமக் கலவையில் மாலிப்டினத்தை 0.2 பங்கு சேர்த்தால் குரோமியம் 21.2, மாலிப்டினம் 7.8 சதவீதம், சூத்திரப்படி 47. பார்க்க அருமையான எண். ஆனால் அந்தச் சூத்திரம் எஃகுக்காக வகுக்கப்பட்டது. இங்கே அதை ஒரு கைகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாலிப்டினத்தை இன்னும் ஏற்றினால் குரோமியமும் மாலிப்டினமும் நிறைந்த சிக்மா என்ற தனிப் படிகம் பிரியும். அது தன்னைச் சுற்றியுள்ள இடத்திலிருந்து குரோமியத்தை உறிஞ்சிக்கொள்ளும். காப்பதற்காகச் சேர்த்ததே ஓட்டையைத் திறந்துவிடும்.

அலுமினியம் சேர்த்தால் கலவை கடினமாகும், எடை குறையும். அதோடு அலுமினியமும் நிக்கலும் நிறைந்த, குரோமியம் குறைந்த படிகம் பிரியும். உப்புநீர் அதையே தேடித் தின்னும். செம்பு மற்றவற்றோடு ஒட்டாமல் ஓரங்களில் ஒதுங்கி, ஒரே கட்டிக்குள் சின்னச் சின்னப் பேட்டரிகளை உண்டாக்கும். கடல்நீர்தான் குறி என்றால் செம்பைத் தவிர்ப்பது நல்லது.

படி 3: உருக்குதல்

மின்பொறியால் உலோகத்தை உருக்கும் வெற்றிட ஆர்க் உலை இருக்கும் கூடத்தைப் பிடியுங்கள். 50 கிராம் கேன்டர் கலவைக்குக் கோபால்ட் 10.51, குரோமியம் 9.27, இரும்பு 9.96, மாங்கனீசு 9.80, நிக்கல் 10.46 கிராம். எல்லாம் 99.9 சதவீதத் தூய்மைக்குக் குறையக் கூடாது. ஆர்கான் நிரப்பி, முதலில் ஒரு டைட்டானியத் துண்டை உருக்கி மிச்ச ஆக்சிஜனை அதற்குள் இழுக்க வைத்துவிட்டுப் பிறகு உங்கள் கலவையைத் தொடுங்கள். கட்டியைத் திருப்பித் திருப்பிப் போட்டு ஐந்து முறையாவது உருக்க வேண்டும். மாங்கனீசு ஆவியாகிப் பறக்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாக எடைபோட்டு, உருக்கியபின் மொத்த எடையைப் பார்த்து இழப்பைக் கணக்கிடுங்கள்.

உருக்கிய கட்டியை அப்படியே சோதனைக்குக் கொண்டுபோகாதீர்கள். உறையும்போது படிகம் மரக்கிளை போல வளரும், சில தனிமங்கள் கிளையிலும் சில கிளைகளுக்கு நடுவிலும் பிரிந்து நிற்கும். ஆர்கானில் 1,100 முதல் 1,200 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, சட்டென்று தண்ணீரில் குளிரவையுங்கள். மெதுவாகக் குளிரவிட்டால், குறிப்பாக 700 டிகிரி வட்டாரத்தில் நெடுநேரம் நின்றால், கேன்டர் கலவையிலேயே குரோமியம் நிறைந்த துணுக்குகள் பிரியும்.

படி 4: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவுப் படத்தில் ஒரே படிகத்தின் கோடுகள் மட்டும் தெரிந்ததும் ‘ஒரே வகைப் படிகம்’ என்று எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சில சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும் துணைப் படிகம் அந்தப் படத்தில் தெரியாது. குழி தொடங்குவதற்கு அந்தச் சில சதவீதம் போதும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனிம வரைபடம் எடுத்துக் குரோமியம் எங்கே வெளிறியிருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். சொந்தக் கருவி இல்லாவிட்டால் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள நுண்பகுப்பாய்வுக் கருவி மையம் வெளியாருக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதனை செய்து தரும். இந்தப் படத்தைச் சோதனைக்கு முன்பே எடுங்கள். பின்னால் குழி விழுந்த இடத்தோடு ஒப்பிட இது வேண்டும்.

படி 5: மாதிரியைத் தயார் செய்தல்

இந்தப் படியில்தான் பாதி ஆய்வுகள் பிழைக்கின்றன, அல்லது சாகின்றன.

வயர் கட்டிங் இயந்திரத்தில் வெட்டிய துண்டின் மேல் தீப்பொறியில் உருகி உறைந்த ஒரு தோல் இருக்கும். முதலில் அதை முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு 220-ல் தொடங்கி 400, 600, 1000, 2000 என்று எமரி பேப்பரில் ஏறுங்கள். ஒவ்வொரு முறையும் மாதிரியை 90 டிகிரி திருப்பி, முந்தைய கோடுகள் மறைந்தபின் அடுத்ததற்குப் போங்கள். கடைசியில் 1 மைக்ரான் வைரப் பசை. 600-ல் தேய்த்த மாதிரியையும் கண்ணாடி போலப் பளபளப்பாக்கிய மாதிரியையும் ஒப்பிடுவது வீண் வேலை, சொரசொரப்பு மட்டுமே குழி விழும் மின்னழுத்தத்தை மாற்றிவிடும். தேய்ப்பது தண்ணீர் விட்டுத்தான் நடக்க வேண்டும். கோபால்ட், நிக்கல் தூசு நுரையீரலுக்குப் பொல்லாதது.

தேய்த்தபின் எத்தனை நேரம் கழித்துச் சோதிக்கிறீர்கள் என்பதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். காற்று பட்டதும் படலம் வளரத் தொடங்கிவிடும். நான் எல்லா மாதிரிகளையும் 24 மணி நேரம் உலர்பெட்டியில் வைப்பேன். மழைக்காலத்தில் அந்தப் பெட்டியின் சிலிக்கா ஜெல் இரண்டே நாளில் நிறம் மாறிவிடும், தினமும் பாருங்கள்.

பிறகு மின்கம்பியை ஒட்டி, எப்பாக்சி பிசினில் பதித்து, ஒரு சதுர சென்டிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி செய்வது வழக்கம். நான் பட்ட அடியையும் இங்கே சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாலிப்டினம் சேர்த்த ஒரு கலவையில் நான்கு மாதம் அளவெடுத்தேன். குழி மின்னழுத்தம் ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் படுத்துவிடும். கலவைதான் சரியில்லை என்று முடிவுகட்டி அறிக்கையும் எழுதிவிட்டேன். அந்தச் சமயம் வேறொரு வேலையாகக் காசிமேட்டுக்குப் போனபோது ஒரு படகு மெக்கானிக் ஸ்டெயின்லெஸ் போல்ட் ஒன்றைக் கையில் கொடுத்தார். “மேல பாத்தா புதுசு மாதிரிதான் இருக்கும் தம்பி. வாஷரக் கழட்டிப் பாருங்க” என்றார். வாஷருக்கு அடியில் போல்ட்டின் கழுத்து பாதி கரைந்திருந்தது. கூடத்துக்குத் திரும்பி வந்து என் பழைய மாதிரிகளை எல்லாம் நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். மோசமான அளவு காட்டிய ஒவ்வொன்றிலும் அரிப்பு விளிம்பில், பிசினுக்கும் உலோகத்துக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளியில்தான் இருந்தது. நடுவில் ஒரு குழிகூட இல்லை. நான்கு மாதமாக நான் அளந்தது கலவையை அல்ல, என் பிசின் வேலையை.

இதை இடுக்கு அரிப்பு என்பார்கள். இடுக்குக்குள் இருக்கும் சொற்ப நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். கரைந்த உலோக அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அயனிகளின் மின்சுமையைச் சமன்செய்யக் குளோரைடு வெளியிலிருந்து உள்ளே இழுக்கப்படும். வெளியே பிஎச் 8 இருக்கும்போதே உள்ளே 2, 3 என்று இறங்கிவிடும். அந்த அமிலத்தில் படலம் நிற்காது. அதனால் பதித்த மாதிரியின் விளிம்பை மெல்லிய லாக்கரால் மறுபடி மூடுங்கள். வசதி இருந்தால் விளிம்பில் வாலை வடிநீர் மெதுவாகக் கசியும்படி அமைந்த அவெஸ்தா வகை செல்லை வாங்குங்கள். காசு கூடத்தான். ஆனால் வீணான நான்கு மாதத்தைவிட மலிவு.

படி 6: செல்லை அமைத்தல்

மூன்று மின்முனைகள்: உங்கள் மாதிரி, பிளாட்டினம், ஒப்பீட்டு மின்முனை. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவியான பொட்டென்ஷியோஸ்டாட்டை யுபிஎஸ்ஸில் செருகுங்கள். எட்டு மணி நேர ஓட்டத்தின் ஏழாவது மணியில் மின்சாரம் போனால் அந்த மாதிரியைத் திரும்பத் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கரைசலின் சூடு மாறாமலிருக்க நீர்த்தொட்டி வேண்டும். ஏசி போட்டுப் போட்டு நிறுத்தும் அறையில் ஐந்து டிகிரி ஏறி இறங்குவது சாதாரணம்.

ஒப்பீட்டு மின்முனையை நம்பாதீர்கள். வாரம் ஒருமுறை இரண்டு கேலமல் (பாதரசக் குளோரைடு) ஒப்பீட்டு மின்முனைகளை ஒரே கரைசலில் வைத்து வேறுபாட்டைப் பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் போனால் ஒன்று கெட்டுவிட்டது. கேலமலுக்கும் நிறைவுற்ற வெள்ளி–வெள்ளி குளோரைடுக்கும் 44 மில்லிவோல்ட் வித்தியாசம் உண்டு. எதை வைத்து அளந்தீர்கள் என்று எழுதாத எண்ணால் யாருக்கும் பயனில்லை.

படி 7: அளக்கும் வரிசை

சேதம் விளைவிக்காத அளவீடு முதலில், சேதம் விளைவிப்பது கடைசியில். மாதிரியை நனைத்ததும் ஒரு மணி நேரம் திறந்த சுற்று மின்னழுத்தத்தை, அதாவது வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் கொடுக்காதபோது மாதிரி தானாகக் காட்டும் மின்னழுத்தத்தை, கவனியுங்கள். அது மெதுவாக மேலே ஏறினால் படலம் தேறுகிறது என்று அர்த்தம். திடீர் திடீரென்று கீழே குத்திவிட்டு மீண்டால் குட்டிக் குழிகள் பிறந்து பிறந்து மூடுகின்றன.

அடுத்து மின்மறுப்பு நிறமாலை, அதாவது சிறு மாறுமின்னழுத்தத்தைப் பல அதிர்வெண்களில் கொடுத்து மேற்பரப்பு எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது. 10 மில்லிவோல்ட் அலைவு, ஒரு லட்சம் ஹெர்ட்ஸிலிருந்து 0.01 ஹெர்ட்ஸ் வரை. கடைசிப் புள்ளியில் ஒரே ஒரு அலைவுக்கு 100 வினாடி ஆகும், அவசரப்படாதீர்கள். கிடைத்த வளைவுக்கு ஏழெட்டு உறுப்புகள் உள்ள சுற்றைப் பொருத்தி அழகுபார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த உறுப்புக்கு நேரடியான பொருள் இருக்கிறதோ அதை மட்டும் வையுங்கள்.

பிறகு மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றித் திரும்ப இறக்கும் சுழல் மின்னழுத்தச் சோதனை, ஏஎஸ்டிஎம் ஜி61 முறைப்படி. வினாடிக்கு 0.167 மில்லிவோல்ட், அதாவது மணிக்கு 0.6 வோல்ட். மைனஸ் 0.3-லிருந்து 1 வோல்ட் வரை போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேரம் மிச்சம் என்று பத்து மடங்கு வேகத்தில் ஓட்டினால் குழி பிறக்க அவகாசம் கிடைக்காது, கலவை இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். அந்த முறைப்படி நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை விரட்ட வேண்டும். நிஜ நிலையைப் பார்க்க விரும்பினால் காற்றோடு இன்னொரு தொகுதி ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

ஒவ்வொரு கலவைக்கும் மூன்று மாதிரிக்குக் குறையக் கூடாது, ஐந்து இருந்தால் நல்லது. குழி எப்போது விழும் என்பதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. அதே நாளில், அதே கரைசலில், அதே எமரி பேப்பரில் தேய்த்த 316எல் மாதிரியையும் கட்டாயம் ஓட்டுங்கள். முடிந்தால் 2507 என்ற சூப்பர் டூப்ளெக்ஸ் எஃகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல்நீர் வேலையில் உங்கள் கலவைக்கு நிஜமான போட்டி அதுதான். 304-ஐ வென்றுவிட்டேன் என்று சொல்வதால் பம்பு செய்பவருக்கு ஒரு லாபமும் இல்லை.

படி 8: வளைகோட்டை வாசித்தல்

மின்னழுத்தம் ஏறும்போது மின்னோட்டம் நெடுநேரம் தட்டையாக நின்றுவிட்டு ஓரிடத்தில் சட்டென்று மேலே பாயும். பாயும் இடத்தை உடனே குழி மின்னழுத்தம் என்று எழுதிவிடாதீர்கள். அது 0.9 வோல்ட்டுக்கு மேல் நடந்தால், நீரிலிருந்து ஆக்சிஜன் பிரிவதாகவோ குரோமியம் ஆறு இணைதிறன் அயனியாகக் கரைவதாகவோ இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி, திரும்பி வரும் கோடு. குழி விழுந்திருந்தால் திரும்பும்போது மின்னோட்டம் அதிகமாகவே இருந்து பெரிய கண்ணி போடும். குழி இல்லையென்றால் போன வழியிலேயே திரும்பும். கரைசல் மஞ்சளித்திருந்தால் அதில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கக்கூடும். அது புற்றுநோய் தரும் பொருள். தொட்டியில் ஊற்றாமல் கழிவுக் கேனில் சேர்த்துவையுங்கள்.

கண்ணி மூடும் இடம் மீள்காப்பு மின்னழுத்தம். என்னைப் பொறுத்தவரை குழி மின்னழுத்தத்தைவிட இதுதான் முக்கியம். மின்னழுத்தம் இதற்குக் கீழே இறங்கினால்தான் பிறந்த குழி சாகும்.

இப்போது பாசிப்படலத்துக்கு வருவோம். 316எல் எஃகின் குழி மின்னழுத்தம் 3.5 சதவீதக் கரைசலில் வழக்கமாகக் கேலமல் அளவில் 0.2 முதல் 0.4 வோல்ட் பக்கம் வரும். திறந்த சுற்று மின்னழுத்தம் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். நடுவில் தாராளமான இடைவெளி இருப்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். அதே எஃகைக் கடலில் போட்டால் பாசிப்படலம் அதன் மின்னழுத்தத்தை 0.3 வோல்ட் பக்கம் தூக்கிவிடும். தாராளமாகத் தெரிந்த இடைவெளி காணாமல்போகும். ஆகவே உங்கள் கலவையின் குழி மின்னழுத்தமும் மீள்காப்பு மின்னழுத்தமும் இந்த 0.3-ஐத் தாண்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். கூடத்தின் திறந்த சுற்று மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டு நிம்மதியடைய வேண்டாம்.

ஓட்டம் முடிந்ததும் மாதிரியை நுண்ணோக்கியில் பாருங்கள். அரிப்பு விளிம்பில் இருந்தால் அந்த அளவைத் தள்ளிவிடுங்கள், எண் எவ்வளவு பிடித்திருந்தாலும். நடுவில் இருந்தால் 4-ஆம் படியில் எடுத்த குரோமியம் வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். குழி குரோமியம் வெளிறிய இடத்தில் உட்கார்ந்திருந்தால் மருந்து வெப்பப் பதப்படுத்தலில் இருக்கிறது, திரும்ப 3-ஆம் படிக்குப் போங்கள். சீரான இடத்திலேயே விழுந்திருந்தால் கலவையையே மாற்ற வேண்டும்.

படி 9: வருஷத்துக்கு எவ்வளவு தேயும்?

சூத்திரம் இது: 0.00327 × மின்னோட்ட அடர்த்தி × சமான எடை (அணு எடையை இணைதிறனால் வகுத்தது) ÷ அடர்த்தி. மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு மைக்ரோ ஆம்பியரில், அடர்த்தி கன சென்டிமீட்டருக்குக் கிராமில் இருந்தால் விடை வருஷத்துக்கு மில்லிமீட்டரில் வரும். கேன்டர் கலவைக்குக் குரோமியத்துக்கு 3, மற்ற நான்குக்கும் 2 என்று இணைதிறன் வைத்தால் சமான எடை 25.5. அடர்த்தி சுமார் 8. ஒரு மைக்ரோ ஆம்பியருக்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர், அதாவது வருஷத்துக்குப் பத்து மைக்ரான்.

இந்த எண் சீராகத் தேயும் உலோகத்துக்குத்தான் பொருந்தும். மேற்பரப்பு முழுக்கச் சும்மா இருந்து ஒரே இடத்தில் ஊசிபோலத் துளைக்கும் உலோகத்துக்கு ‘வருஷத்துக்குப் பத்து மைக்ரான்’ என்று எழுதினால் படிப்பவர் ஏமாந்துபோவார். எழுதுங்கள், ஆனால் குழியின் ஆழத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

மின்கருவி இல்லாதவர்கள் ஏஎஸ்டிஎம் ஜி48 முறையில் தொடங்கலாம். 6 சதவீத ஃபெரிக் குளோரைடு கரைசலில் 72 மணி நேரம் ஊறவைத்துக் குழியையும் எடை இழப்பையும் பார்ப்பது. கடுமையான சோதனை, செலவு குறைவு. கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

படி 10: கடலில் இறக்குங்கள்

முப்பது நாள் ஊறவைத்து எடை இழப்பு எடுத்தோம் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மி.மீ. சதுரம், 3 மி.மீ. தடிமன் உள்ள துண்டின் மொத்தப் பரப்பு 10.4 சதுர சென்டிமீட்டர். வருஷத்துக்குப் பத்து மைக்ரான் தேய்ந்தால் முப்பது நாளில் இழப்பு ஏழு மில்லிகிராம். நல்ல கலவை அதில் பத்தில் ஒரு பங்குதான் தேயும், 0.7 மில்லிகிராம். 0.1 மில்லிகிராம் காட்டும் தராசில், துண்டைக் கழுவித் துடைப்பதிலேயே அந்த அளவு தவறு வந்துவிடும். ஆறு மாதத்துக்குக் குறைந்து கடல் சோதனை செய்யாதீர்கள், ஒரு வருஷம் என்றால் பருவமழையும் கோடையும் இரண்டும் கிடைக்கும்.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள மண்டபம் என்ற ஊரில் இதற்கென்றே கடலோர நிலையம் வைத்திருக்கிறது. சென்னையில் செய்வதென்றால் துறைமுகப் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு இறக்குங்கள். துண்டுகளைத் தாங்கும் சட்டம் பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். இரும்புச் சட்டத்தில் கட்டினால் இரும்பு தான் அரிபட்டு உங்கள் கலவையைக் காப்பாற்றிவிடும், சோதனைக்கு அர்த்தமே இருக்காது. பாதித் துண்டுகளை வெறுமனே தொங்கவிடுங்கள். மீதிப் பாதியில் பிளாஸ்டிக் வாஷரை நைலான் போல்ட் போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே இறுக்கத்தில் முடுக்குங்கள். 316எல் துண்டுகளும் அதே சட்டத்தில், அதே ஆழத்தில் இருக்கட்டும்.

வெளியே எடுத்த அன்று பாசியையும் சிப்பியையும் சுரண்டுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். பிறகு வாஷரைக் கழற்றி, அடியில் இருக்கும் வட்டத்தைக் கழுவாமல் இன்னொரு படம். அதன்பிறகு தண்ணீரைத் திறக்கலாம்.